ஏழு பேர் மாற்றி எழுதியிருந்தால்: 2024 பாலன் டி'ஓர் இரவும் மாட்ரிட் டிரெஸ்ஸிங் ரூம் பேச்சும்

2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை. பாரிஸ் நகரின் ஷாத்தலே அரங்கில் இரவு பாலன் டி'ஓர் விழா; உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கு பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் தரும் தங்கப் பந்து விருது அது. ஸ்பெயின் கிளப்பான ரியல் மாட்ரிடிலிருந்து சுமார் 50 பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள் என்று செய்திகள் சொல்லின. அதன் பிரேசில் முன்கள வீரர் வினீசியஸ் ஜூனியருக்குத்தான் விருது என்பதில் மாட்ரிட் நகரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மதியத்துக்குள் எல்லாம் தலைகீழானது. விமானம் கிளம்பவில்லை, வினீசியஸ் போகவில்லை, சக வீரர் பெல்லிங்ஹாம் போகவில்லை. அன்றிரவு சிறந்த பயிற்சியாளர் விருது வாங்க வேண்டிய கார்லோ அன்செலோட்டியும் போகவில்லை. சிறந்த கிளப் விருதும் ரியல் மாட்ரிடுக்குத்தான் வந்தது. அதை வாங்கவும் ஆள் இல்லை.

மேடையில் ஜார்ஜ் வெயா உறையைப் பிரித்தார். பெயர்: ரோட்ரி. இங்கிலாந்து கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் அந்த ஸ்பெயின் நாட்டு மிட்ஃபீல்டர் ஊன்றுகோலோடு மேடை ஏறினார். ஐந்து வாரம் முன்பு, செப்டம்பர் 22 அன்று, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது.

நம் நேரப்படி அப்போது நள்ளிரவு எப்போதோ தாண்டிவிட்டது. நானும் விழித்திருந்தேன். வினீசியஸ்தான் ஜெயிப்பார் என்று நம்பிய ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். அன்று எனக்கு வந்த கோபம் அடங்கி, எண்களை எடுத்து வைத்துப் பார்க்கக் கொஞ்ச காலம் ஆனது. பார்த்தபின் எனக்குத் தோன்றியது இதுதான்: அன்று யாரும் யாருடைய விருதையும் திருடவில்லை. மிகக் குறுகலான ஒரு தோல்வியை, கசிந்த செய்திகளும் டிரெஸ்ஸிங் ரூம் பேச்சும் சேர்ந்து ஓர் அவமானமாக மாற்றின. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறேன்.

இரண்டு பருவங்கள்

கணக்கில் வந்த காலம் 2023 ஆகஸ்ட் 1 முதல் 2024 ஜூலை 31 வரை. 2022 முதல் பாலன் டி'ஓர் காலண்டர் ஆண்டைப் பார்ப்பதில்லை, பருவத்தைத்தான் பார்க்கிறது. விழாவுக்கு ஆறு நாள் முன்பு டோர்ட்முண்டுக்கு எதிராக வினீசியஸ் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தாரே, அதற்கு இங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது. அன்செலோட்டியும் அந்த ஆட்டம் முடிந்ததும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்: பாலன் டி'ஓர் வினீசியஸுக்குத்தான், ஆனால் இன்றைய ஆட்டத்துக்காக இல்லை, போன பருவத்துக்காக. ஒரு பயிற்சியாளரே இவ்வளவு உறுதியாகப் பேசினால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

வினீசியஸின் பருவம் உண்மையிலேயே பெரியது. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 24 கோல். ஜனவரியில் ரியாத்தில் நடந்த ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை இறுதியில் பார்சலோனாவுக்கு எதிராக ஹாட்ரிக். ஏப்ரல் 30 அன்று மியூனிக்கில் பயர்னுக்கு எதிராக இரண்டு கோல். ஜூன் 1 அன்று வெம்ப்ளியில், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம்: 74ஆம் நிமிடம் மாட்ரிட் தடுப்பாட்டக்காரர் கார்வஹால் தலையால் முட்டி முதல் கோல், 83ஆம் நிமிடம் வினீசியஸ் இரண்டாவது. அந்தப் பருவத்து சாம்பியன்ஸ் லீக்கின் சிறந்த வீரராக அறிவிக்கப்பட்டவரும் அவர்தான். ஸ்பெயின் லீக்கான லா லிகா பட்டமும் கையில் இருந்தது.

அப்புறம் நாட்டு அணிகள் மோதும் கோபா அமெரிக்கா வந்தது. பராகுவேக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர், கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தொடரின் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி, உருகுவேயுடனான காலிறுதியில் ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். பிரேசில் பெனால்டியில் தோற்றது. என் கணிப்பில் இந்த விருது கைநழுவ ஆரம்பித்தது அந்த மஞ்சள் அட்டையில்தான்.

ரோட்ரியின் பருவத்தை எண்களில் சொல்வது கடினம், ஏனென்றால் அவர் கோல் அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஓர் எண் போதும். சிட்டிக்காக அவர் ஆடிய 74 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே இல்லாமல் போயின. 2024 மே 25 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றபோதுதான் அந்தத் தொடர் முடிந்தது. அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் சிட்டி தோற்ற மூன்று ஆட்டங்களிலும் அவர் களத்தில் இல்லை. சிட்டிக்குத் தொடர்ச்சியாக நான்காவது பிரீமியர் லீக் பட்டம். ஜூலை 14 அன்று பெர்லினில் ஸ்பெயின் இங்கிலாந்தை 2-1 என வென்று ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையை எடுத்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் ரோட்ரி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே பருவத்து சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரோட்ரியின் சிட்டியை வெளியேற்றியது வினீசியஸின் மாட்ரிட்தான். இரண்டு ஆட்டத்திலும் சமன், கடைசியில் பெனால்டி. ஆகவே "நேருக்கு நேர் வந்தபோது யார் ஜெயித்தார்?" என்று மாட்ரிட் ரசிகர் கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு பக்கமும் வலுவாகப் பேச முடிகிற ஆண்டு அது. 2003க்குப் பிறகு முதல்முறையாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் விருதுக்கான முப்பது பேர் பட்டியலில் இல்லை. அவர்களில் ஒருவர் பெயரை எழுதிவிட்டு நகர்கிற பழக்கம் வாக்காளர்களுக்கு அந்த ஆண்டு உதவவில்லை.

கணக்கு

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கோ விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஃபிஃபா தரவரிசையில் முதல் நூறு நாடுகள், நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர். 2024இல் வாக்களித்தவர்கள் 99 பேர். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் ஐந்து பேரை வரிசைப்படுத்துவார்கள்; புள்ளிகள் 6, 4, 3, 2, 1. 2024இல் அது பத்துப் பேர் ஆனது. புள்ளிகள் 15, 12, 10, 8, 7, 5, 4, 3, 2, 1.

பழைய முறையில் முதலிடத்துக்கு 6, இரண்டாமிடத்துக்கு 4. அதாவது இரண்டாமிடம் என்றால் முதலிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. புதிய முறையில் 15க்கு 12, ஐந்தில் நான்கு பங்கு. ஒருவரை வெறித்தனமாக ஆதரித்து முதலிடம் தருபவர்களின் எடை இதில் குறைகிறது. எல்லாருடைய பட்டியலிலும் மேலே இருப்பவருக்கு இந்த முறை சாதகம். பெரும்பாலானோர் நான்காவது இடத்துக்குத் தள்ள நினைக்காத ஆட்டக்காரர் ரோட்ரி.

முடிவு இது: ரோட்ரி 1170, வினீசியஸ் 1129, பெல்லிங்ஹாம் 917, கார்வஹால் 550. வித்தியாசம் 41 புள்ளி.

ஒரு பத்திரிகையாளர் ரோட்ரியை முதலிலும் வினீசியஸை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனம் மாறி இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் ரோட்ரிக்கு 3 குறையும், வினீசியஸுக்கு 3 கூடும். இடைவெளியில் 6 போய்விடும். அப்படி ஏழு பேர் மாற்றி எழுதியிருந்தால் 42. அப்போது வினீசியஸ் 1150, ரோட்ரி 1149. 99 பேரில் ஏழே பேர், அதுவும் முதலுக்கும் இரண்டுக்கும் இடையே தடுமாறிய ஏழு பேர். இதை யாராவது சதி என்று சொன்னால், இவ்வளவு நூலிழையில் முடிகிற சதியை யாரும் திட்டமிட முடியாது என்றுதான் பதில் சொல்வேன்.

வினீசியஸைப் பத்துப் பேரில் ஒருவராகக்கூட எழுதாத வாக்குச் சீட்டுகள் மூன்று வந்தன: பின்லாந்து, நமீபியா, எல் சால்வடோர். அதில் பின்லாந்துப் பத்திரிகையாளர், தான் கவனக்குறைவால் பெயரை விட்டுவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, வாக்காளர் பொறுப்பிலிருந்தும் விலகினார். அந்த ஒரு சீட்டில் முழுப் புள்ளியே கிடைத்திருந்தாலும் 15தான், 41ஐ எட்டாது. ஆனாலும் கால்பந்து உலகத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதில் ஒருவர் பெயரை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிகிற நிலை இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. சீட்டை அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லும் ஏற்பாடாவது இருந்திருக்க வேண்டும்.

மூன்று தோழர்கள், ஒரே வாக்குச் சீட்டு

இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்கள் மூன்றுமே ரியல் மாட்ரிட். ஒன்பதாம் இடத்தில் அந்தப் பருவத்தோடு ஓய்வு பெற்ற டோனி குரூஸ். வினீசியஸ், பெல்லிங்ஹாம், கார்வஹால் மூவரின் புள்ளியையும் கூட்டினால் 2596. அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த அணி எது என்பதில் வாக்காளர்களுக்குக் குழப்பமே இல்லை. அந்த அணியில் யார் சிறந்தவர் என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

பிரான்ஸ் ஃபுட்பால் இதழின் ஆசிரியர் வன்சான் கார்சியாவும் பிறகு இதையே சொன்னார்: பெல்லிங்ஹாமும் கார்வஹாலும் முன்வரிசையில் இருந்தது கணக்குப்படி வினீசியஸிடமிருந்து சில புள்ளிகளை எடுத்துவிட்டது. ஒரு வாக்காளர் ரோட்ரியை முதலிலும், அடுத்து பெல்லிங்ஹாம், கார்வஹால், வினீசியஸ் என்றும் எழுதினால் வினீசியஸுக்கு 12க்குப் பதில் 8தான் வரும். சிட்டி பக்கம் ரோட்ரிக்கு அப்படி ஒரு தொல்லை இல்லை. ஹாலண்ட் ஐந்தாவதாக வந்தார், ஆனால் அந்தப் பருவத்தில் சிட்டியின் மையம் யார் என்று கேட்டால் ஒரே பெயர்தான் வரும்.

இப்போது கிளப் வெளியிட்ட நிலைப்பாட்டைப் பாருங்கள். செய்தி நிறுவனங்கள் வழியாக அன்று ரியல் மாட்ரிட் சொன்னதன் சாரம்: விதிமுறைகளின்படி வினீசியஸ் வெற்றியாளர் இல்லை என்றால், அதே விதிமுறைகள் கார்வஹாலைக் காட்டியிருக்க வேண்டும், அதுவும் நடக்காததால் பாலன் டி'ஓரும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவும் எங்களை மதிக்கவில்லை என்பது தெளிவு, மதிப்பில்லாத இடத்துக்கு நாங்கள் போவதில்லை.

கார்வஹால் பெயரை ஏன் இழுத்தார்கள் என்பது புரிகிறது. ரோட்ரிக்கு யூரோ கோப்பை காரணம் என்றால், கார்வஹாலும் அதே ஸ்பெயின் அணியில் அதே கோப்பையை வென்றவர், மேலே சாம்பியன்ஸ் லீக்கும் லா லிகாவும் இருக்கின்றன, இறுதி ஆட்டத்தில் கோலும் இருக்கிறது. வாதமாக அது வலுவானதுதான். ஆனால் ஒரு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் இருந்து யோசித்தால்? தன் கிளப்பே, தன்னை இன்னொரு தோழருக்கு மாற்றாக, ஒரே வாக்கியத்தில் நிறுத்துகிறது. வெளியில் யாரும் செய்யாத ஒப்பீட்டைக் கிளப் தானே செய்துவிட்டது. இதற்குப் பிறகு "யார் யாருக்கு ஆதரவு" என்று வதந்தி வந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மௌனத்தை எப்படிப் படித்தார்கள்

முன்பெல்லாம் வெற்றியாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அட்டைப் படத்துக்கும் பேட்டிக்கும் பிரான்ஸ் ஃபுட்பால் ஆட்கள் அவரைத் தேடிப் போவார்கள். அதனால் விழாவுக்குப் பல நாள் முன்பே பெயர் கசியும். 2024இல் அமைப்பாளர்கள் இதை மாற்றினார்கள். மேடையில் உறை பிரியும்வரை வெற்றியாளர் உட்பட யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் தகவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பல வாரங்களாக "வினீசியஸ் ஜெயித்துவிட்டார்" என்பது ஸ்பெயின் ஊடகங்களில் முடிந்துபோன விஷயம்போல ஓடியது. சொன்னது யார்? பெயரே இல்லை. "கிளப்புக்கு நெருக்கமான வட்டாரம்", "டிரெஸ்ஸிங் ரூமில் எல்லாருக்கும் தெரியும்". ஒரு நிருபர் எழுதுவார், அதைப் பார்த்து ஆட்டக்காரர்கள் தோழரை வாழ்த்துவார்கள், அந்த வாழ்த்து இன்னொரு நிருபருக்கு ஆதாரமாகிவிடும். சுற்றிச் சுற்றி வந்த ஒரே பேச்சு, நாலு பேர் சொன்னதுபோல ஆனது.

விழா நாளில் அதே இயந்திரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. கிளப் விசாரித்துப் பார்த்தது, உறுதி கிடைக்கவில்லை. பெயர் கேட்டு எல்லாக் கிளப்புகளும் தன்னை நெருக்கியதாகவும், தன் மௌனத்திலிருந்தே வினீசியஸ் ஜெயிக்கவில்லை என்று ரியல் மாட்ரிட் ஊகித்திருக்கலாம் என்றும் கார்சியா பின்னர் சொன்னார். ஜெயித்தவருக்கே தெரியாத ஆண்டில், "நமக்குச் சொல்லவில்லை" என்பதற்குத் தோல்வி என்ற பொருளே இல்லை. ஆனால் பழைய பழக்கத்தில் இருந்தவர்களுக்கு அது அப்படித்தான் கேட்டது. இந்தத் தடவை ஊகம் சரியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

வாரக்கணக்கில் கையில் இருப்பதாக நம்பிய ஒன்று, ஒரு மதியத்தில் இல்லை என்று ஆகிறது. 24 வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? முதலிலிருந்தே "ரோட்ரியும் இவரும் சரிசமம்" என்று மட்டும் செய்தி வந்திருந்தால், 41 புள்ளித் தோல்வி வருத்தமாக இருந்திருக்கும், கொள்ளை போனதாகத் தோன்றியிருக்காது.

நிறவெறியின் நிழல்

இதைச் சொல்லாமல் இந்த வழக்கை எழுதவே கூடாது. விழா முடிந்ததும் வினீசியஸ் சமூக ஊடகத்தில் எழுதியது இவ்வளவுதான்: தேவைப்பட்டால் இதைப் பத்து மடங்கு செய்வேன், அவர்கள் தயாராக இல்லை. அவர் நிறவெறிக்கு எதிரான தன் போராட்டத்தைத்தான் சொல்கிறார் என்று அவர் தரப்பு ராய்ட்டர்ஸிடம் விளக்கியது. அந்தப் போராட்டம்தான் விருதுக்குக் குறுக்கே நின்றது என்பதும் அவர்கள் நம்பிக்கை.

2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் அவரைக் குரங்கு என்று கத்தினார்கள். ஆட்டம் நின்றது. அதற்காக மூன்று ரசிகர்களுக்கு 2024 ஜூனில் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கால்பந்து மைதான நிறவெறிக்காக ஸ்பெயினில் வந்த முதல் தண்டனை அது. அதைப் பெற்றுத் தந்தது வினீசியஸின் பிடிவாதம். இப்படிப்பட்ட ஒருவர், பாலன் டி'ஓரின் மூன்றாவது அளவுகோலில் "கண்ணியம், நேர்மையான ஆட்டம்" என்று எழுதியிருப்பதைப் படித்தால் என்ன நினைப்பார்? அவர் நடுவரிடம் சண்டை போடுகிறார், எதிரணி ரசிகரைச் சீண்டுகிறார் என்று பேசுகிறார்கள். அதில் சில ஆட்டங்களில் உண்மை உண்டு. ஆனால் வாரம்தோறும் அவருக்கு மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு அவர் எதிர்வினையை மட்டும் அளப்பது நியாயமில்லை.

அதற்காக 99 நாட்டுப் பத்திரிகையாளர்களும் அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கினார்கள் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. 1129 புள்ளி என்றால் சராசரியாக ஒரு சீட்டுக்குப் பதினொன்றுக்கும் மேல். பெரும்பாலானோர் அவரை முதல் இரண்டு, மூன்று இடங்களுக்குள் எழுதினால்தான் அது வரும்.

ரோட்ரிக்கு நேர்ந்தது

இந்தக் கூச்சலில் அதிகம் இழந்தது ரோட்ரிதான் என்று எனக்குப் படுகிறது. 1960இல் பார்சலோனாவின் லூயிஸ் சுவாரெஸ் வாங்கியபின் (உருகுவே சுவாரெஸ் இல்லை, இவர் ஸ்பெயின்காரர்) ஸ்பெயின் ஆண் ஒருவர் இந்தப் பந்தைத் தொட 64 ஆண்டு ஆனது. சிட்டிக்கு இதுவே முதல்முறை. சமூக ஊடகக் கணக்கே இல்லாத மனிதர். வில்லாரியலில் ஆடிய காலத்தில் கஸ்தெயோன் பல்கலைக்கழக விடுதியில் தங்கி வணிக நிர்வாகம் படித்தவர்.

மேடையில் அவர் சொன்னது: இது எனக்கு மட்டுமான வெற்றி இல்லை, தகுதி இருந்தும் இதை வாங்காமல் போன ஸ்பெயின் வீரர்கள் சாவி, இனியெஸ்டா, காசியாஸ், புஸ்கெட்ஸ் எல்லாருக்குமானது. அப்புறம் கார்வஹால் பெயரைச் சொன்னார். தன்னைப் போலவே முழங்கால் கிழிந்து படுத்திருக்கும் நண்பர், அவரும் இதற்குத் தகுதியானவர் என்றார். கார்வஹாலுக்கு அக்டோபர் 5 அன்று வில்லாரியலுக்கு எதிராகக் காயம் பட்டிருந்தது. மாட்ரிட் கிளப் வாதத்துக்காக எடுத்த அதே பெயரை, எதிர்ப்பக்கம் என்று சொல்லப்பட்டவர் அன்போடு எடுத்தார். அந்த நேரத்தில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

ஆனால் மறுநாள் தலைப்புகளில் ரோட்ரி இரண்டாவது வரிதான். காலி இருக்கைகள்தான் முதல் வரி. மாட்ரிடின் கமவிங்கா "கால்பந்து அரசியல்" என்று எழுதி, தன் சகோதரன்தான் உலகின் சிறந்த வீரன் என்றார். சுவாமெனியும் ஆதரவாக எழுதினார். தோழருக்காக நிற்பதில் தவறே இல்லை. மூத்தவர்கள் யாராவது அதோடு சேர்த்து ரோட்ரிக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லும்படி பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த இடத்தில் 2010 ஞாபகம் வருகிறது. அந்த ஆண்டும் ஒரே அணியின் மூன்று பேர்: மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி. உலகக் கோப்பை இறுதியில் கோல் அடித்த இனியெஸ்டா இரண்டாவது. மூன்று பட்டம் வென்ற இன்டர் மிலானின் ஸ்னைடர் நான்காவது. 2011 ஜனவரியில் சூரிச்சில் பார்சலோனா மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2018இல் பிரான்ஸ் ஃபுட்பால் இதழே இனியெஸ்டாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. இதற்கு நேர் எதிர் 2013. வாக்களிக்கும் கெடுவை நவம்பர் 15லிருந்து 29க்குத் தள்ளினார்கள். நடுவில் ஸ்வீடனுக்கு எதிராக ரொனால்டோ ஹாட்ரிக் அடித்தார், விருதும் அவருக்கே போனது. பயர்னின் ரிபெரி மூன்றாவதானார். கெடுவை ஆட்ட நடுவில் மாற்றியது உண்மையான குறை, ரிபெரியின் கசப்புக்கு ஆதாரம் இருந்தது. 2024இல் விதி எதுவும் நடுவில் மாறவில்லை.

பின்னால் வந்தவை

மறுநாளே, அக்டோபர் 29 அன்று, வலென்சியா பகுதியில் பெருவெள்ளம். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வலென்சியாவுடன் மாட்ரிட் ஆட வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது. ஒரு வாரத்துக்கு யாருக்கும் விருதைப் பற்றிப் பேசும் மனம் இல்லை.

நவம்பர் 5 அன்று மிலானிடம் சொந்த மைதானத்தில் 1-3 தோல்வி. ஒரே கோல் வினீசியஸின் பெனால்டி. உடனே டிரெஸ்ஸிங் ரூம் உடைந்துவிட்டது, பிரான்ஸ் நட்சத்திரம் எம்பாப்பே கிளப்புக்கு வந்ததில் வினீசியஸுக்குக் கசப்பு, சவூதிக்குப் போகப் போகிறார் என்று வரிசையாக வந்தன. நான்கு நாள் கழித்து ஒசாசுனாவுக்கு எதிராக 4-0, வினீசியஸ் ஹாட்ரிக். உடைந்த அறை நான்கு நாளில் ஒட்டிக்கொண்டதா? தோற்றால் பிளவு, ஜெயித்தால் ஒற்றுமை என்று எழுதுவதற்கு அறைக்குள் ஆள் தேவையே இல்லை, ஸ்கோர் தெரிந்தால் போதும்.

நவம்பர் கடைசியில் கிளப் தலைவர் ஃபுளோரெண்டினோ பெரஸ் உறுப்பினர் கூட்டத்தில் வினீசியஸுக்கே உரிமை என்று பேசி, சிறிய நாடுகளின் வாக்குகளைக் குறை சொன்னார். இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பெரிய கிளப்புகளின் ஆட்டத்தை நள்ளிரவில் கண் விழித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய நாட்டுக்காரர்கள்தான். சட்டை விற்கும்போது உலகம் முழுக்க வேண்டும், வாக்கு எண்ணும்போது நாலு நாடு போதும் என்பது சரியில்லை.

டிசம்பர் 17 அன்று தோஹாவில் ஃபிஃபாவின் 'தி பெஸ்ட்' விருது. அங்கே தேசிய அணிப் பயிற்சியாளர்கள், கேப்டன்கள், பத்திரிகையாளர்கள், ரசிகர்கள் என நான்கு தரப்புக்கும் சம எடை. முடிவு: வினீசியஸ் 48, ரோட்ரி 43, பெல்லிங்ஹாம் 37. கிட்டத்தட்ட அதே பருவம், அதே மூன்று பெயர்கள். எண்ணும் முறை மாறியதும் முதல் இரண்டு பேர் இடம் மாறிவிட்டார்கள். அன்று வினீசியஸ் நேரில் வந்து சிரித்தபடி கோப்பையை வாங்கினார். ரோட்ரி தரப்பிலிருந்து யாரும் கொள்ளை என்று சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 11, மான்செஸ்டர். சிட்டியும் ரியல் மாட்ரிடும் மோதிய சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃப் முதல் ஆட்டம். தங்கப் பந்தை முத்தமிடும் ரோட்ரியின் பிரம்மாண்டமான படத்தோடு, அழுதது போதும் என்ற பொருளில் ஒரு பேனரை சிட்டி ரசிகர்கள் விரித்தார்கள். ரோட்ரி அன்று ஆடவில்லை, முழங்கால் இன்னும் ஆறவில்லை. அந்தப் பேனரைப் பார்த்தபோது கூடுதல் பலம் வந்தது என்று வினீசியஸ் பிறகு சொன்னார். 80ஆம் நிமிடம் சிட்டி 2-1 என முன்னிலை பெற்றது. 86இல் மாட்ரிடின் பிராஹிம் டியாஸ் சமன் செய்தார். 92ஆம் நிமிடம் வினீசியஸ் தனியாக ஓடி, முன்னே வந்த சிட்டி கோல்கீப்பர் எடர்சனின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிட்டார். பந்து கோலை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பாய்ந்து வந்து அதை உள்ளே தட்டியவர் பெல்லிங்ஹாம். 3-2. கோல் பெல்லிங்ஹாம் பெயரில் எழுதப்பட்டது.